இரண்டாவது ஹார்ட் டிஸ்க் விண்டோஸில் வரவில்லை: எதை முதலில் செய்வது, எதைத் தொடவே கூடாது

வெள்ளவத்தையிலிருந்து கேட்டிருப்பதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. வீட்டு டெஸ்க்டொப்பில் இருந்த 240 ஜிபி எஸ்எஸ்டி நிறைந்துவிட்டது. யூனிட்டி பிளாசாவில் 2 டிபி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி நீங்களே மாட்டியிருக்கிறீர்கள். பயோஸில் (விண்டோஸ் ஏறும்முன் வரும் அமைப்புத் திரை) அதன் பெயர் தெரிகிறது, விண்டோஸின் ‘திஸ் பிசி’யில் மட்டும் வரவில்லை. பழைய கொம்பியூட்டரிலிருந்து கழற்றிய 500 ஜிபி டிஸ்க் ஒன்றும் அலுமாரியில் இருக்கிறது. அதில் குடும்பப் படங்கள். அதையும் சேர்த்து மாட்டினால் பவர் சப்ளை தாங்குமா என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில், போகிற போக்கில், ‘ஃபோர்மட் பண்ணவா என்று கேட்டால் ஓம் குடுக்கலாமா’ என்று எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி அந்தக் கடைசி வரிதான்.

அதற்குப் பதில்: புது டிஸ்க்குக்கு ஓம். பழைய டிஸ்க்குக்கு எந்தச் சந்தர்ப்பத்திலும் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் மாட்டியிருக்கும்போது அந்தக் கேள்விப் பெட்டி திரையில் வந்தால், எந்த டிஸ்க்கைப் பற்றிக் கேட்கிறது என்று அது சொல்லாது. ‘டி’, ‘ஈ’ போன்ற ஓர் எழுத்தை மட்டும் காட்டும். டிஸ்க்கில் ஒரு பழுதும் இல்லாமலே படங்கள் அழிந்துபோவது இந்த இடத்தில்தான். ஆகவே வேலையின் ஒழுங்கை மாற்றாதீர்கள். புதியதைத் தனியாக மாட்டி, ஆயத்தப்படுத்தி, பெயரும் வைத்து முடியுங்கள். அதுவரை பழையது அலுமாரியிலேயே இருக்கட்டும்.

புது டிஸ்க் பயோஸில் தெரிந்து விண்டோஸில் வராமல் இருப்பதில் பயப்பட ஒன்றும் இல்லை. கடையிலிருந்து வரும் டிஸ்க் வெறுமையானது. அதில் இடத்தைப் பிரித்துக் குறிக்கும் பார்ட்டிஷன் அட்டவணையும் இல்லை, கோப்புகளை ஒழுங்காக வைக்கும் ஃபைல் சிஸ்டமும் இல்லை. எழுத்துக் கொடுக்க ஏதும் இல்லாததால் ‘திஸ் பிசி’ அதைக் காட்டுவதில்லை. ஸ்டார்ட் பட்டனில் வலது கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறவுங்கள். ‘இனிஷியலைஸ் டிஸ்க்’ என்ற பெட்டி தானாக வரும். வராவிட்டால் கீழ்ப்பாதியில் ‘நொட் இனிஷியலைஸ்ட்’ என்று எழுதியிருக்கும் டிஸ்க்கின் இடது பக்கச் சாம்பல் பெட்டியில் வலது கிளிக் செய்யுங்கள். ஜிபிடி, எம்பிஆர் எனப் பார்ட்டிஷன் அட்டவணைக்கு இரண்டு தெரிவுகள் இருக்கும். ஜிபிடியைத் தெரிவு செய்யுங்கள். எம்பிஆர் முறையில் செக்டர் (டிஸ்க்கின் சின்னச் சேமிப்புத் துண்டு) எண்ணுக்கு 32 பிட் மட்டுமே இடம் உண்டு. 512 பைட் செக்டரில் அது ஏறத்தாழ 2.2 டிபியுடன் முடிந்துவிடும். உங்கள் 2 டிபி அதற்குள் அடங்கும்தான், ஆனால் விண்டோஸ் 10இலோ 11இலோ எம்பிஆரைத் தெரிவு செய்ய ஒரு காரணமும் இல்லை. அதன் பிறகு கறுப்புப் பட்டை போட்ட ‘அன்எலொகேட்டட்’ பகுதியில் வலது கிளிக் செய்து ‘நியூ சிம்பிள் வொல்யூம்’ கொடுத்து, ஃபைல் சிஸ்டமாக என்டிஎஃப்எஸ் தெரிவு செய்து, ‘வொல்யூம் லேபிள்’ இடத்தில் உங்களுக்கு விளங்கும் ஒரு பெயரைக் கட்டாயம் எழுதுங்கள். ‘நியூ வொல்யூம்’ என்று விட்டுவிட்டால் பிறகு இரண்டு டிஸ்க்குகளையும் பிரித்தறிய எழுத்தை மட்டுமே நம்ப வேண்டிவரும். அந்த எழுத்தோ மாறக்கூடியது.

அளவு 1863 ஜிபி என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றவில்லை. உற்பத்தியாளர் 1 ஜிபியை 100 கோடி பைட் என்று எண்ணுகிறார், விண்டோஸ் 1024ஆல் மூன்று முறை பெருக்கி எண்ணுகிறது.

‘குயிக் ஃபோர்மட்’ என்ற இடத்தில் சரி அடையாளம் ஏற்கெனவே போட்டிருக்கும். அதை எடுத்துவிடுங்கள் என்பது என் ஆலோசனை. விஸ்டாவிலிருந்து விண்டோஸின் முழு ஃபோர்மட் ஒவ்வொரு செக்டரிலும் பூச்சியம் எழுதுகிறது. ஆகவே முழு டிஸ்க்கையும் ஒருமுறை எழுதிப் பார்க்கும் சோதனையாகவும் அது அமைகிறது. செக்கனுக்குச் சராசரி 150 எம்பி என்று வைத்தால் 2 டிபிக்கு நாலு மணித்தியாலத்துக்குச் சற்றுக் குறைவாகவே பிடிக்க வேண்டும். நடைமுறையில் இன்னும் கூடலாம். இரவில் போட்டுவிட்டுப் படுக்கலாம். இடையில் கரண்ட் போனால் ஒன்றும் கெடாது, திரும்பவும் தொடங்க வேண்டும், அவ்வளவுதான். புது டிஸ்க்கில் கோளாறு இருந்தால் அது படங்களைப் போட முன்னரே தெரியட்டும். கடையில் மாற்றிக் கேட்பதும் முதல் கிழமையில்தான் இலகு.

ஃபோர்மட்டுக்கு முன்னும் பின்னும் டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஒருமுறை பாருங்கள். முக்கியமானவை சிலதான்: ரீஅலொகேட்டட் செக்டர்ஸ் (கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்டவை), கரன்ட் பெண்டிங் செக்டர் (வாசிக்கச் சிரமப்படுபவை), அன்கரெக்டபிள் செக்டர் (திருத்த முடியாதவை). புது டிஸ்க்கில் மூன்றும் பூச்சியமாக இருக்க வேண்டும். பவர் ஒன் அவர்ஸ், அதாவது டிஸ்க் இதுவரை ஓடிய மணித்தியாலம், ஒற்றை இலக்கத்திலோ, அதற்குச் சற்று மேலோ இருக்க வேண்டும். ஆயிரக்கணக்கில் இருந்தால் அது பாவித்த டிஸ்க். அந்த மென்பொருள் எண்களைப் பதினாறின் அடியில் காட்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். மெனுவில் பத்தின் அடிக்கு மாற்றிவிட்டுப் பாருங்கள். மணிக்கணக்கைப் பூச்சியமாக்கி, பாவித்த டிஸ்க்கைப் புதியதென்று விற்ற விவகாரம் ஒன்று 2025 தொடக்கத்தில் ஐரோப்பாவில் வெளிவந்தது. ஆகவே அந்த எண் ஒன்றை மட்டும் சான்றாகக் கொள்ள முடியாது. திருகாணித் துளைகளைச் சுற்றிக் கீறல் இருக்கிறதா, டேட்டா கனெக்டரின் தங்க முலாமில் தேய்ந்த கோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். சீரியல் நம்பரை உற்பத்தியாளரின் வாரண்டிப் பக்கத்தில் போட்டால் வாரண்டி முடியும் திகதி வரும். பற்றுச்சீட்டில் அதே சீரியல் நம்பர் எழுதப்பட்டிருக்கிறதா என்பதும் முக்கியம். இங்கே வாரண்டி நடைமுறையில் ஓடுவது அந்தத் துண்டின் பேரில்.

வேகத்தைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிறகு டிஸ்க் பழுது என்று நினைத்துவிடுவீர்கள். இப்போது விற்பனையில் இருக்கும் 2 டிபி வீட்டுப் பாவனை டிஸ்க்குகளில் பல எஸ்எம்ஆர் வகை. அதில் தடங்கள் ஒன்றின் விளிம்பை ஒன்று மூடியபடி எழுதப்படும். ஒரு தடத்தை மாற்ற வேண்டுமானால் பக்கத்துத் தடங்களையும் வாசித்துத் திரும்ப எழுத வேண்டும். சீகேட் பராகுடா 2 டிபியும் இந்த வகைதான். நிறுவனமே தன் பட்டியலில் அப்படித்தான் குறித்திருக்கிறது. படம், வீடியோ சேமித்துவைக்க இதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் சில நூறு ஜிபியை ஒரே மூச்சில் கொப்பி பண்ணும்போது முதலில் 150, 180 எம்பியில் ஓடிவிட்டு, பிறகு செக்கனுக்கு 30 எம்பிக்கும் கீழே விழலாம். பழுதல்ல, உள்ளே இருக்கும் தற்காலிகப் பகுதி நிறைந்து டிஸ்க் தன்னை ஒழுங்குபடுத்துகிறது. அந்த நேரத்தில் நிறுத்தி ரீஸ்டார்ட் செய்ய வேண்டாம், விட்டுவிடுங்கள்.

இனிப் பவர் சப்ளை. 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போது 5 முதல் 8 வோட் (வாட்) அளவில்தான் இழுக்கும். பாரமான கட்டம் தட்டு சுழலத் தொடங்கும் முதல் சில செக்கன்கள்; அப்போது 12 வோல்ட் லைனில் ஏறத்தாழ 2 அம்பியர், அதாவது 24 வோட். இரண்டு டிஸ்க் ஒன்றாகத் தொடங்கினால் 48. தனி கிராபிக்ஸ் கார்ட் இல்லாத வீட்டு மெஷினில் இதைத் தாங்காத பவர் சப்ளை மிக அரிது. ஸ்டிக்கரில் பெரிய எழுத்தில் இருக்கும் ‘500’ஐப் பார்க்க வேண்டாம், 12 வோல்ட் என்ற நிரலில் இருக்கும் அம்பியரை 12ஆல் பெருக்குங்கள். 14 அம்பியர் என்று இருந்தால் உண்மையான பலம் 168 வோட்தான், வெளியே என்ன எழுதியிருந்தாலும். அப்படிப்பட்ட பவர் சப்ளைகூட உங்களுடைய இரண்டு டிஸ்க்குக்குப் போதும். கிராபிக்ஸ் கார்ட் இருந்தால் கணக்கு வேறு.

எவ்வளவு மின்சாரம் என்பதைவிட அது எந்த வயர் வழியாகப் போகிறது என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. டிஸ்க்கில் செருகும் தட்டையான சாட்டா பவர் பிளக்கில் 15 பின்கள். அதில் 12 வோல்ட்டுக்கு மூன்று, ஒவ்வொன்றும் 1.5 அம்பியருக்கு. மொத்தம் 4.5 அம்பியர். ஆக ஒரு சாட்டா பிளக்கிலிருந்து பிரிப்பான் போட்டு இரண்டு டிஸ்க் எடுக்கலாம், மூன்றாவது கூடாது. நாலு பின் பெரிய மொலெக்ஸ் பிளக்கிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் கேபிள் போடுவதானால், சாட்டா முனையைத் திருப்பிப் பாருங்கள். வயர்கள் ஒரே கட்டிப் பிளாஸ்டிக்குக்குள் உருக்கி ஒட்டப்பட்டிருந்தால் அதை வாங்காதீர்கள். வார்ப்பின்போது வயர்கள் நகர்ந்து ஒன்றையொன்று நெருங்கி இருக்கும். சூடேற ஏற இடையில் உள்ள காப்பு உருகி 12 வோல்ட் வயரும் தரை (கிரவுண்ட்) வயரும் ஒட்டிக்கொள்ளும். கறுப்பாகக் கருகிய பிளக்குகள் அனேகமாக இந்த வகைதான். பின்பக்கம் தனி மூடி போட்டு, ஒவ்வொரு வயரும் வேறுவேறாகச் செருகப்பட்டது தெரிகிற வகையை வாங்குங்கள்.

இன்னொன்று இதைவிட மோசமானது. உங்கள் பவர் சப்ளை கேபிள்களைக் கழற்றக்கூடிய மொடியூலர் வகை என்றால், வேறொரு பவர் சப்ளையின் பெட்டியில் வந்த கேபிளை அதில் செருகவே கூடாது. டிஸ்க் பக்கத்து முனைக்குத்தான் பொதுத் தரம் உண்டு. பவர் சப்ளை பக்கத்து முனையில் எந்தப் பின்னில் என்ன வரும் என்பதை ஒவ்வொரு தயாரிப்பாளரும் தம் இஷ்டத்துக்கு வைத்திருக்கிறார்கள். பிளக் அழகாகப் பொருந்தும், 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 வோல்ட் போகும், டிஸ்க்கின் மின்சுற்றுப் பலகை அந்தக் கணமே எரியும். நண்பரிடம் மிச்சமாக ஒரு கேபிள் இருக்கிறது என்று வாங்கிவந்து பழைய படங்கள் உள்ள டிஸ்க்கை அதில் போடுவதை நினைத்தாலே எனக்குப் பதறுகிறது. தயவுசெய்து செய்யாதீர்கள்.

உங்களுடையது கொழும்பில் நிறைய விலைப்படும் டெல், எச்பி, லெனோவோ ஒஃபிஸ் மெஷின்களில் ஒன்று என்றால் வேறு மாதிரி. சிறிய அளவுப் பெட்டிகளில் டிஸ்க்குக்கான மின்சாரம் பவர் சப்ளையிலிருந்து நேராக வராமல், மதர்போர்ட்டில் உள்ள சின்ன சொக்கெட் ஒன்றிலிருந்து வரும் மொடல்கள் பல இருக்கின்றன. அதற்குரிய கேபிளை மொடல் நம்பர் சொல்லித்தான் வாங்க வேண்டும். இரண்டாவது 3.5 அங்குல டிஸ்க் வைக்க இடமே இல்லாத பெட்டிகளும் உண்டு. அப்போது 2.5 அங்குல எஸ்எஸ்டி போடுவதோ, மதர்போர்ட்டில் நேராகவே எஸ்எஸ்டி செருகும் எம்.2 இடம் காலியாக இருந்தால் அதில் போடுவதோதான் வழி. எம்.2 போடும்போது கவனிக்க ஒன்று: சில மதர்போர்ட்களில் எம்.2 இடம் நிரம்பினால் ஒன்றோ இரண்டோ சாட்டா போர்ட் செயலிழக்கும். நேற்றுவரை வேலை செய்த டிஸ்க் இன்று பயோஸிலேயே இல்லை என்றால், வேறு நம்பர் போர்ட்டுக்கு டேட்டா கேபிளை மாற்றிப் பாருங்கள். எந்த போர்ட் என்பது மதர்போர்ட் கையேட்டில் ஒரு சின்ன அட்டவணையாக இருக்கும். பயோஸில் சாட்டா மோட் என்று ஏஎச்சிஐ, ரெய்ட் என்ற தெரிவுகளைக் கண்டால் அதை மாற்றிப் பரீட்சிக்க வேண்டாம். மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையில் நிற்கும், பிரச்சினை ஒன்று இரண்டாகும்.

பழைய டிஸ்க்கை மாட்ட மெஷினைத் திறக்கும்முன் ‘ஷிஃப்ட்’ விசையை அழுத்திக்கொண்டே ‘ஷட் டவுன்’ கொடுங்கள். சாதாரண ஷட் டவுனில் விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் தன் நிலையின் ஒரு பகுதியை டிஸ்க்கில் எழுதிவைத்துத்தான் தூங்கும்; டிஸ்க்குகளை மாற்றும்போது முழுதாக மூடியிருப்பதுதான் பாதுகாப்பு. பிறகு சுவரில் சுவிட்சை நிறுத்தி, பவர் பட்டனை ஒருமுறை அழுத்தி மிச்ச மின்னை வெளியேற்றுங்கள். கொழும்பின் ஈரக்காற்றில் நிலைமின் தொல்லை குறைவு என்றாலும், ஏசி அறையில் அப்படிச் சொல்ல முடியாது. டிஸ்க்கைத் தொடுமுன் பெட்டியின் பெயின்ட் இல்லாத இரும்பைத் தொடுங்கள். மெஷின் ஓடும்போது பெட்டியில் கை பட்டால் சுர்ரென்று இழுப்பதுபோல் இருக்கிறதா? பழைய வீடுகளில் எர்த் வராத சொக்கெட்டிலோ, இரண்டு பின் மாற்றியிலோ பிளக் செருகியிருந்தால் அப்படித்தான் இருக்கும். பவர் சப்ளையின் வடிகட்டிக் கசிவு போக வழியில்லாமல் பெட்டியில் தங்குகிறது. டிஸ்க் வேலைக்கு முன் எர்த் உள்ள சொக்கெட்டுக்கு மாற்றுங்கள், அல்லது எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சரிபாருங்கள்.

மாட்டும் வேலை சுலபம். டேட்டா கேபிளின் முனை எழுத்து ‘எல்’ போல வளைந்திருக்கும், ஒரு பக்கம்தான் போகும். பலவந்தம் வேண்டாம்; டிஸ்க் பக்கத்துப் பிளாஸ்டிக் நாக்கு உடைந்தால் அதைத் திருத்துவது பெரும்பாடு. டேட்டா கேபிள் ஒரு மீட்டருக்கு மேல் போகக் கூடாது, கூர்மையாக மடிக்கவும் கூடாது. 3.5 அங்குல டிஸ்க்குக்குப் பெரிய மரைத் திருகாணி, 2.5 அங்குலத்துக்கு எம்3. நீளமான திருகாணியைப் பக்கத்துத் துளையில் இறுக்கினால் உள்ளே எதையாவது முட்டும். நிமிர்த்தி, படுக்கவைத்து, எப்படியும் வைக்கலாம். கேபிளில் தொங்கவிடவும் பெட்டிக்கு அடியில் சும்மா போட்டுவைக்கவும் கூடாது. இரண்டு டிஸ்க்குக்கு நடுவில் ஒரு தட்டு இடைவெளி விடுங்கள். நம் அறை வெப்பமே 30 பாகைக்கு மேல் நிற்பதால் டிஸ்க் 40, 45 காட்டுவது சகஜம். 50ஐத் தாண்டினால் ஃபேன் ஒன்று முன்னால் போடுங்கள். பழைய ஐடிஈ டிஸ்க்குகளில் மாஸ்டர், ஸ்லேவ் என்று ஜம்பர் மாற்றிய பழக்கம் உள்ளவர்கள் சாட்டா டிஸ்க்கின் பக்கத்தில் இருக்கும் சின்னப் பின்களைத் தேடிப் போவார்கள். அவற்றைத் தொட வேண்டியதில்லை.

பழையதை மாட்டியதும் நேராக விண்டோஸுக்குப் போகவிடாமல், தொடங்கும்போது ‘டெலீட்’ அல்லது ‘எஃப்2’ அழுத்தி பயோஸுக்குப் போங்கள். அந்த 500 ஜிபியில் பழைய விண்டோஸ் இருக்கலாம். மெஷின் அதிலிருந்து தொடங்க முயன்றால் பொருந்தாத வன்பொருளைக் கண்டு திருத்தும் வேலையில் இறங்கி டிஸ்க்கில் எழுதத் தொடங்கிவிடும். பூட் ஒழுங்கில் உங்கள் எஸ்எஸ்டியில் உள்ள ‘விண்டோஸ் பூட் மேனேஜர்’ முதலில் இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். விண்டோஸ் ஏறும்போது கறுப்புத் திரையில் ‘டிஸ்க் செக்கிங்’ என்று சில செக்கன்கள் எண்ணிக்கொண்டு நின்றால் ஏதாவது ஒரு விசையைத் தட்டித் தவிருங்கள். அந்தச் சோதனை வெறுமனே பார்ப்பதில்லை, திருத்தி எழுதுகிறது. நலிந்த டிஸ்க்கில் அது படங்களுக்கே கேடாக முடியும். முதலில் கொப்பி, சோதனையெல்லாம் பிறகு.

விண்டோஸ் ஏறியதும் நாலில் ஒன்று நடக்கும். டிஸ்க் எழுத்துடன் வந்து போல்டர்கள் தெரிந்தால் நிம்மதி. படங்கள் அனேகமாக ‘யூசர்ஸ்’ போல்டருக்குள் பழைய பெயரின் கீழ் இருக்கும், எக்ஸ்பி காலத்து டிஸ்க் என்றால் ‘டொக்கியுமென்ட்ஸ் அன்ட் செட்டிங்ஸ்’ உள்ளே. அனுமதி இல்லை என்று சொல்லி ‘கன்டினியூ’ கேட்டால் கொடுக்கலாம், பச்சைக் கோடு சில நிமிடம் நகரும். இரண்டாவது, டிஸ்க் மேனேஜ்மென்டில் பார்ட்டிஷன் தெரிந்தும் எழுத்து மட்டும் இல்லை என்றால், வலது கிளிக் செய்து எழுத்து ஒன்றைக் கொடுத்தால் போதும். ‘ஓஃப்லைன்’ என்று இருந்தால் ‘ஒன்லைன்’ ஆக்கலாம். இந்த இரண்டு வேலையிலும் படங்கள் அழியாது. மூன்றாவது, 48 இலக்க ரிகவரி கீ கேட்டால் அது பிட்லொக்கர் பூட்டு. அண்மைய லெப்டொப்பிலிருந்து கழற்றிய டிஸ்க்கில் இது வரும், கீ பெரும்பாலும் அந்த மைக்ரோசொஃப்ட் கணக்கில் இருக்கும். கீ இல்லாவிட்டால் எந்தக் கடைக்காரராலும் திறக்க முடியாது. நாலாவது, ‘ரோ’ என்று காட்டுவது, இனிஷியலைஸ் கேட்பது, ஃபோர்மட் கேட்பது. ‘கேன்சல்’ கொடுத்து, மெஷினை நிறுத்தி, டிஸ்க்கைக் கழற்றிவிடுங்கள். பார்ட்டிஷன் அட்டவணையோ ஃபைல் சிஸ்டமோ வாசிக்க முடியவில்லை என்பதுதான் அதன் பொருள். படங்கள் உள்ளே அப்படியே இருக்கக்கூடும். வெளிப்புற யூஎஸ்பி பெட்டியை உடைத்து எடுத்த டிஸ்க் என்றாலும் இப்படி வரலாம், சில பெட்டிகள் செக்டர் அளவை மாற்றியோ மறையாக்கம் செய்தோ எழுதுகின்றன. அதே பெட்டியில் திரும்பப் போட்டால் வாசிக்கும்.

டக், டக் என்று ஒழுங்கான இடைவெளியில் சத்தம் வந்தாலோ, சுழன்று சுழன்று நின்றாலோ மேலே எழுதியது ஒன்றும் பொருந்தாது. தட்டை வாசிக்கும் தலைப்பகுதி அடிபட்டிருக்கலாம், ஓடவிடும் ஒவ்வொரு நிமிடமும் தட்டைக் கீறும். ஃபிரிட்ஜில் வைத்து எடுக்கும் வித்தையைக் கொழும்பின் ஈரத்தில் செய்யவே வேண்டாம், வெளியே எடுத்ததும் உள்ளே நீர் கோர்க்கும். படங்கள் விலைமதிப்பற்றவை என்றால் தரவு மீட்பைத் தொழிலாகச் செய்பவரிடம் கொடுங்கள். மூடியைத் திறந்து பார்க்கிறேன் என்று சாதாரண மேசையில் ஸ்குரூ டிரைவரை எடுப்பவரிடம் கொடுக்காதீர்கள். சத்தம் இல்லை, ஆனால் பெண்டிங் செக்டர் எண்ணிக்கை இருக்கிறது என்றால், லினக்ஸ் யூஎஸ்பியில் தொடங்கி டிடிரெஸ்கியூ என்ற கருவியால் முழு டிஸ்க்கையும் ஒரு கோப்பாகப் புது 2 டிபிக்கு எடுக்கலாம். வாசிக்க முடிந்த பகுதியை முதலில் எடுத்துவிட்டு முரண்டு பிடிக்கும் இடங்களுக்குக் கடைசியில் வருவது அதன் சிறப்பு. எதிலிருந்து எதற்கு என்பதை மாற்றிக் கொடுத்தால் எல்லாம் போய்விடும், அதனால் பழக்கமுள்ள ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும்.

எண்கள் எல்லாம் பூச்சியம், டிஸ்க் சுகமாகத்தான் இருக்கிறது என்றாலும் அவசரத்தைக் குறைக்காதீர்கள். 2007இல் கூகுள் வெளியிட்ட ஆய்வில், பழுதாகிப்போன டிஸ்க்குகளில் பாதிக்கு மேற்பட்டவை முக்கியமான நாலு எச்சரிக்கை எண்களில் எதையுமே முன்கூட்டிக் காட்டவில்லை. எண் ஏறினால் ஆபத்து என்பது நிச்சயம். எண் ஏறாததால் ஆபத்தில்லை என்பது நிச்சயமில்லை. ‘கட்’ பண்ணாமல் ‘கொப்பி’ பண்ணுங்கள். 400 ஜிபி அளவு படங்கள் இருந்தால் சாட்டாவில் ஒன்றிரண்டு மணித்தியாலம், ஆயிரக்கணக்கில் சின்னக் கோப்புகள் இருந்தால் இன்னும் கூட. டெராகொப்பி போன்ற மென்பொருளில் ‘வெரிஃபை’ போட்டால் எழுதியதைத் திரும்ப வாசித்து ஒப்பிடும். முடிந்ததும் இரண்டு போல்டரின் ‘புரொப்பர்டீஸ்’ திறந்து கோப்புகளின் எண்ணிக்கையும் பைட் கணக்கும் ஒன்றா என்று பாருங்கள். கொஞ்சம் படங்களைத் திறந்தும் பாருங்கள், முக்கியமாகப் பெரிய வீடியோக்களின் கடைசிப் பகுதியை.

பிறகு 500 ஜிபியைக் கழற்றி, திகதி எழுதி, அலுமாரியில் வையுங்கள். அதை அழித்துவிட்டு மேலதிக இடமாகப் பாவிக்கலாமே என்று தோன்றும், வேண்டாம் என்பேன். ஒரே பெட்டிக்குள் இரண்டு டிஸ்க் இருப்பது பிரதி ஆகாது. பவர் சப்ளை வெடித்தாலும், மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரம் அடிக்கிற இடிமின்னல் வயர் வழியே வந்தாலும், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கிற வைரஸ் வந்தாலும், இரண்டும் சேர்ந்தே போகும். வெளியே கிடக்கும் டிஸ்க்குக்கு இது ஒன்றும் நடக்காது. ஆனால் அதுவும் பழையது, எவ்வளவு காலம் ஓடும் என்று எவராலும் சொல்ல முடியாது. முக்கியமான படங்கள் மூன்றாவது ஓரிடத்திலும், முடிந்தால் வேறு வீட்டிலோ இணையச் சேமிப்பிலோ இருக்கட்டும். 650 விஏ அளவு யூபிஎஸ் ஒன்று இருந்தால் நல்லது. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் ஒரேயடியாகக் கரண்ட் போனதுபோன்ற வேளையில், எழுதிக்கொண்டிருப்பதை முடித்து மூட அது தரும் சில நிமிடம் போதும்.

எஸ்எஸ்டி நிறைந்துபோன உங்கள் முதல் பிரச்சினைக்கு வருவோம். ‘பிக்சர்ஸ்’, ‘வீடியோஸ்’, ‘டவுன்லோட்ஸ்’ போல்டர்களில் வலது கிளிக் செய்து ‘புரொப்பர்டீஸ்’, அதில் ‘லொகேஷன்’, அதில் ‘மூவ்’ கொடுத்தால் விண்டோஸே அவற்றைப் புது டிஸ்க்குக்கு நகர்த்தும். நகர்த்தும்முன் புது டிஸ்க்கில் அந்தந்தப் பெயரில் தனி போல்டர் ஒன்றைக் கட்டாயம் உண்டாக்குங்கள். போல்டர் இல்லாமல் டிஸ்க்கின் தலைவாசலையே இடமாகக் கொடுத்துவிட்டால் முழு டிஸ்க்கும் ‘பிக்சர்ஸ்’ ஆகிவிடும், திரும்ப மாற்றுவது பெரிய சிக்கல். ஒன்டிரைவ் இந்தப் போல்டர்களை ஏற்கெனவே பிடித்துவைத்திருந்தால் முதலில் அதன் பேக்அப்பை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ போல்டரையும் ‘யூசர்ஸ்’ போல்டரையும் முழுதாக நகர்த்தச் சொல்லும் காணொளிகளைப் பின்பற்றாதீர்கள். விண்டோஸ் அப்டேட் வரும்போது உடையும். விண்டோஸும் மென்பொருளும் எஸ்எஸ்டியிலேயே இருக்கட்டும், ஹார்ட் டிஸ்க்கில் போட்டால் மெஷின் மெதுவாகும். எஸ்எஸ்டியில் 15, 20 சதவீதம் காலியாக விட்டுவையுங்கள்.

மதர்போர்ட்டின் பெயரையும் பவர் சப்ளையின் வகையையும் நீங்கள் எழுதவில்லை. ஆகவே எந்தச் சாட்டா போர்ட், எந்தக் கேபிள் என்று இதைவிடக் குறிப்பாகச் சொல்ல முடியவில்லை. பெட்டியின் பக்கத்து மூடியைத் திறந்து மூன்று படம் எடுத்துப் போடுங்கள்: மதர்போர்ட்டில் பெயர் அச்சிட்டிருக்கும் இடம், பவர் சப்ளையின் ஸ்டிக்கர், புது டிஸ்க்குக்கு இப்போது நீங்கள் செருகியிருக்கும் பவர் பிளக்கின் பின்பக்கம். அந்த மூன்றையும் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அதுவரை பழைய டிஸ்க்குக்கு மின்சாரம் கொடுக்க வேண்டாம்.